எங்கள் பள்ளியில் புதுமை ஏதும் இல்லை என்பது குறித்து

பெருமதிப்பிற்குரிய இதழாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தில் உள்ள அனைவரும் நலமாக இருக்க வேண்டும். நானும் நலம் என்று எழுதுவதுதான் மரியாதை, ஆனால் தொண்டை கட்டிப்போய்க் கிடக்கிறது. மாநிலம் முழுக்க இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தாங்கள் மாதந்தோறும் நடத்தும் இதழை, அட்டையிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். அதிலும் கடைசியில் வரும் ‘வாய்ப்புகள்’ பகுதி என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கடற்கரையில் நட்சத்திரம் பார்க்கும் பயிற்சி, பொம்மலாட்டத்தில் இலக்கணம், மலைமேல் ஒரு வாரம் பறவைகளோடு என்று போட்டிருப்பீர்கள். வாத்தியார் உத்தியோகத்தில் இவ்வளவு இருக்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு படிப்பேன். எதற்கும் விண்ணப்பித்ததில்லை, ஏனென்றால் நான் ஒரு நாள் வெளியே போனால் பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டும். போன இதழில்கூட, ‘புதுமைப் பள்ளிகள்’ பட்டியலில் உள்ள பள்ளிகளில் ஓராண்டு பணியாற்ற விரும்புவோர் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்திருந்தீர்கள். மின்விசிறி ஓடும் இடத்தை விட்டுவிட்டு எந்தப் பைத்தியம் போகும் என்று சிரித்தபடி பக்கத்தைப் புரட்டினேன். புரட்டிய பக்கத்தில், அதே பட்டியலில், நான் இருந்தேன்.

ஐயா, நான் தங்களுக்கு அனுப்பியது புகார்க் கடிதம். என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை, இருந்த இரண்டு அறைகளில் ஒன்றின் கூரை நம்பும்படி இல்லாததால் பூட்டியாகிவிட்டது, ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே கரும்பலகையைக் கோடு போட்டு ஐந்தாகப் பிரித்து, பெரிய பிள்ளைகளைச் சின்னதுகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க விட்டு, கத்திக் கத்திக் குரல் போனதால் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதினேன். புகாரைப் புகார் மாதிரியே எழுதினால் மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களே என்று, ‘இருப்பதைக் கொண்டு மனநிறைவோடு நடத்தி வருகிறோம்’ என்று கொஞ்சம் பூசி மெழுகினேன். பூச்சு அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. ‘ஒரே அறை, ஐந்து வகுப்பு: ஓர் ஆசிரியையின் தளராத சோதனை முயற்சி’ என்று தலைப்புப் போட்டுவிட்டீர்கள். இன்னொரு ஆசிரியர் வேண்டும் என்று கெஞ்சியிருந்த கடைசிப் பத்தி மட்டும் காணவில்லை. கூரை ஒழுகுவதைக் காட்ட ஒரு படம் அனுப்பியிருந்தேன், கீழே வாளி வைத்திருக்கும் படம். அதன் அடியில் ‘மாணவர்களே பராமரிக்கும் மழைமானி’ என்று இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் மின்சார வேலை செய்கிறவர், எதற்கும் லேசில் அசைய மாட்டார். அவரே இதழைக் கையில் வாங்கி எழுந்து நின்று படித்தார். “இவ்வளவு பெரிய ஆளா இருந்துக்கிட்டு வீட்ல ஒரு வார்த்தை சொல்லலையே நீ” என்றார், நிஜமான வருத்தத்தோடு. நான் மட்டும் என்ன, தங்கள் ஆட்கள் எழுதியிருந்த அழகில் நானே சொக்கிப்போனேன். யார் இந்தப் புண்ணியவதி, ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படித்து முடித்தேன்.

அச்சில் வந்த வார்த்தைக்கு என்ன சக்தி என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை, மாநிலத்தின் மறுகோடியிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்த இரண்டு ஆசிரியைகள் தோளில் பையோடு வாசலில் நின்றார்கள். என் கடிதத்தைப் பார்த்து அரசாங்கம் மனமிரங்கி ஆள் அனுப்பிவிட்டது, அதுவும் ஒன்றுக்கு இரண்டாக, என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் ஆளுக்கொரு சாக்பீஸைக் கையில் திணித்து, ஒருவருக்கு இரண்டாம் வகுப்பையும் இன்னொருவருக்கு நான்காம் வகுப்பையும் காட்டினேன். அவர்களும் மறுபேச்சில்லாமல் சாயங்காலம் வரை பாடம் நடத்தினார்கள். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டபோதுதான், செய்முறைப் பயிற்சி மிகவும் பிரமாதம், பங்கேற்றதற்குச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டார்கள். பங்கேற்பு என்றால் எதில் பங்கேற்பு என்று விசாரித்தபின் விஷயம் விளங்கியது. சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன், பாவம், நன்றாக நடத்தினார்கள்.

அன்றிலிருந்து ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லாமல் இல்லை, வருகிற ஒவ்வொருவரிடமும் இது புதுமை இல்லை, இல்லாமை என்று சொல்கிறேன். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தொண்டை கட்டியிருப்பதால் சைகை காட்டினேன், ‘ஆசிரியர் பேச்சைக் குறைக்கும் உத்தி’ என்று ஒருவர் கோடிட்டுக்கொண்டார். கரும்பலகையில் ஐந்து கட்டங்களின் அகலத்தை எந்த அடிப்படையில் தீர்மானித்தீர்கள் என்று ஒரு பயிற்சியாளர் அளவுநாடாவோடு வந்து கேட்டார். நின்ற இடத்திலிருந்து என் கை எட்டிய தூரம் என்றேன். அவர் அப்படியே நெகிழ்ந்துபோய்விட்டார்.

அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. போன வாரம் ஆய்வாளர் வந்தார். இரண்டாவது ஆசிரியர் வேண்டும் என்று நான் அனுப்பிய விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று மெல்லக் கேட்டேன். அவர் தங்கள் இதழை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தார். “இவ்ளோ அருமையா ஓடிட்டிருக்கு, ரெண்டாவது ஆள் வந்தா உங்க முறையே கெட்டுடுமே மேடம்” என்றார். அந்த விண்ணப்பத்தின் கோப்பை மூடியாகிவிட்டதாம். என் ஐந்தாம் வகுப்பு இந்த ஆண்டோடு பெரிய பள்ளிக்கூடம் போகிறது. முதல் வகுப்புக்கு எழுத்துப் பழக்குவதா, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்வதா என்று ஓடியதில் அவர்கள் கணக்கு அரைகுறையாகவே நிற்கிறது. அதை யாரிடம் போய் முறை என்று சொல்வேன்?

இந்த நேரத்தில்தான் கயிறு டீச்சர் வந்தார். பெரிய நகரத்துப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர், எங்கள் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர்தான் இது. பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து ஐந்தாம் வகுப்பின் முன்னால் நீட்டிப் பிடித்தார். இதில் பாதிக் கயிறு எத்தனை தடவை அடங்கும் என்று கேட்டு மடித்துக் காட்டினார். இரண்டு என்றார்கள். ஒன்றை அரையால் வகுத்தால் இரண்டு என்று எழுதினார். மறுபடி மடித்தார், கால் கயிறு எத்தனை தடவை, நான்கு. எங்கள் வகுப்பில் ‘வால்’ என்று ஒரு பெண் இருக்கிறாள், ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டாள், இன்னும் விரல்விட்டுத்தான் கூட்டுவாள். அவள் எழுந்து நின்று, “வகுத்தா கம்மியாகும்னுதானே எங்க டீச்சர் சொன்னாங்க, இது ஏன் அதிகமாகுது?” என்று கேட்டாள். முதல் வகுப்புகூடத் திரும்பிப் பார்த்தது. ஐயா, பின்னத்தால் வகுக்கும்போது தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தவள் நான். ஏன் திருப்புகிறோம் என்று அன்றைக்குத்தான் என் கண்ணால் பார்த்தேன். நம் உத்தியோகம் எவ்வளவு பெரியது, அதில் நான் எவ்வளவு சின்ன மூலையில் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது, ஆனால் அந்த எண்ணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாலும் அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை, ஒரு நூலை வைத்துக்கொண்டு மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் வந்து போய்விடுவார்கள். அந்தப் பெண்ணுக்குத் தினமும் ஒருவர் வேண்டும். ஆகவே தங்கள் அடுத்த இதழில், கண்ணில் படும் இடத்தில், பெரிய எழுத்தில், கீழ்க்கண்ட திருத்தத்தை வெளியிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: ‘சென்ற இதழில் குறிப்பிட்ட பள்ளியில் புதுமை ஏதும் இல்லை. ஆள்தான் இல்லை. அது மழைமானி அல்ல, வாளி. அப்பள்ளியைப் புதுமைப் பள்ளிகள் பட்டியலிலிருந்து நீக்குகிறோம்.’ இதைப் போட்டால்தான் கோப்பு மறுபடி திறக்கும்.

தங்கள் இதழ் மென்மேலும் வளர வேண்டும், தங்கள் பிள்ளைகள் நல்ல ஆசிரியர்கள் கையில் படிக்க வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியை, மற்றும் இப்பள்ளியின் மற்ற எல்லா ஆசிரியர்களும்

பின்குறிப்பு: ஐயா, மேலே எழுதிய திருத்தத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். நேற்று உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கயிறு டீச்சர் மறுபடி வந்து நின்றார். ஏமாற்றியதாக இருக்கக்கூடாது என்று இந்தக் கடிதத்தை அவரிடமே படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுச் சிரித்தார். “அன்னைக்கே தெரியும் டீச்சர். மழைமானியை யாராவது கூரையை அண்ணாந்து பாத்துப் பாத்து இடம் மாத்தி வைப்பாங்களா?” என்றார். அப்புறம் பையிலிருந்து விண்ணப்பத்தின் நகலை எடுத்துக் காட்டினார். நான் சிரித்துவிட்டுப் புரட்டிய அந்த ஓராண்டு வாய்ப்புக்கு, எங்கள் பள்ளியின் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறார். அங்கே வசதியாக இருக்கும் உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன். “வகுத்தா ஏன் அதிகமாகுதுன்னு அங்க யாரும் என்னைக் கேட்டதே இல்லக்கா. அந்தப் பொண்ணுக்கு நான் இன்னும் முழுசா பதில் சொல்லி முடிக்கல. பட்டியல்ல உங்க பேர் இருந்தாத்தான் என்னை இங்க விடுவாங்க, கெடுத்துடாதீங்க” என்றார். டீச்சர் என்று கூப்பிட்டவர் அக்கா என்று சொன்னதில் எனக்குப் பேச்சு வரவில்லை. தொண்டை கட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆகவே நாங்கள் புதுமைப் பள்ளிதான். வேண்டுமானால் அந்த மழைமானி விரிவாக்கம் பெற்று இப்போது இரண்டு வாளிகளாகிவிட்டது என்று ஒரு செய்தி போட்டுக்கொள்ளுங்கள். கரும்பலகையின் கோடுகளை நேற்றே அழித்துவிட்டேன். ஐந்து வகுப்பை இரண்டு பேருக்கு வகுத்தால் ஆளுக்கு இரண்டரை வருகிறது. மூன்றாம் வகுப்பை எந்த இடத்தில் மடிப்பது என்று கயிறு டீச்சர் வந்துதான் காட்ட வேண்டும்.