வேணுகோபாலின் வேக வைத்தியம்

“வந்துக்கினே இருக்குதும்மா… இதோ வந்துடும்” என்று சொல்லிக்கொண்டே வேணுகோபால் லேப்டாப்பைப் படபடவென்று தட்டினார். திரையில் மயிலின் கொண்டை மட்டும்தான் வந்திருந்தது. இனி கழுத்து வரவேண்டும், தோகை வரவேண்டும், அப்புறம் முந்தானை முழுக்க வரவேண்டும். பொறுக்க முடியாமல் பத்து விரலாலும் தட்டினார்.

எதிரே ஜமக்காளத்தில், கல்யாணப் பட்டுப்புடவை நெய்யச் சொல்ல சென்னையிலிருந்து வந்த தேவகியும் அவள் மகள், கல்யாணப் பெண் கீர்த்தியும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று டிசைன் காட்டி முடிப்பதற்குள் வேணுகோபாலின் மனைவி இந்திராணி இரண்டு முறை காபி கொடுத்துவிட்டாள்.

“ஞாயித்துக்கிழமை வந்து சொல்றோம் சார்” என்று தேவகி எழுந்தாள்.

போனவர்கள் நேராக எதிர்வீட்டு குப்புசாமியின் வாசலில் செருப்பைக் கழற்றியதை வேணுகோபால் ஜன்னல் வழியாகப் பார்த்தார். குப்புசாமியின் கம்ப்யூட்டரில் டிசைன் டக் டக்கென்று மாறும் என்று தெருவே பேசிக்கொண்டது. இந்தக் கல்யாணம் கைவிட்டுப் போனால் வேணுகோபாலின் நாலு தறியும் ஆடி முடியும்வரை சும்மா கிடக்கும்.

“உன் தம்பி குடுத்த பொட்டி என் மானத்தை வாங்குதுடி!”

“அவன் நல்லாத்தான் குடுத்தான். நீங்க என்னா பண்ணீங்களோ!”

பெங்களூரில் வேலை பார்க்கும் அந்தத் தம்பி முத்துக்குமார் அதைக் கொடுக்கும்போதே பெருமையாகச் சொல்லியிருந்தான்: “உள்ள சுத்துற தட்டே கிடையாது மாமா. எஸ்.எஸ்.டி. சும்மா பறக்கும்.” 2009-இல் காஞ்சிபுரத்தில் அந்தப் பெயரைக் கேட்டவர்களே குறைவு. பழுது பார்ப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மறுநாள் கம்ப்யூட்டர் சென்டர் ரங்கநாத் பார்த்தான். “ஃபைலெல்லாம் துண்டு துண்டா சிதறியிருக்கு சார். டிஃப்ராக் போட்டா ஒழுங்காயிடும்.”

திரையில் கலர் கலர் கோடுகள் நகர்ந்து வரிசையில் சேர்ந்தன. வேணுகோபாலுக்கு ஒரே சந்தோஷம். “அட, பாவு நூல்ல சிக்கெடுக்கிறதுதானேப்பா இது! இதுக்கா பயந்துக்கினு இருந்தேன்?”

சிக்கெடுப்பதை எந்த நெசவாளி ஒரு தடவையோடு விடுவான்? வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மருந்து மாதிரி போட ஆரம்பித்தார். இரண்டு நாளில் மயிலின் கொண்டை வருவதே பெரும்பாடாகிவிட்டது.

“அப்ப வைரஸ்தான் சார்” என்று ரங்கநாத் ஒரு ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தான். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று வேணுகோபால் வேறொன்றையும் ஏற்றினார். அவை இரண்டும் ஒன்றையொன்று வைரஸ் என்று பிடித்துக்கொண்டு சண்டை போட்டன. மயில் வருவதே நின்றுபோயிற்று.

“இடம் போதலையோ?” என்று அவராகவே யோசித்து, இருப்பதிலேயே பெரிய ஃபைலாகப் பார்த்து அழித்தார். அது இந்திராணியின் அக்கா மகள் மஞ்சள் நீராட்டு வீடியோ.

இந்திராணிக்குக் கோபம் வந்தால் ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிடும். “அதுல எங்கம்மா சிரிச்சிக்கினு இருந்தாங்க! உனக்குக் கை எப்படிய்யா வந்துச்சு?”

அன்று அடுப்பும் அந்த லேப்டாப் வேகத்தில்தான் எரிந்தது. வேணுகோபால் தறியில் உட்காருவதும், எழுந்து லேப்டாப்பைப் பார்ப்பதும், ஜன்னலில் குப்புசாமி வீட்டைப் பார்ப்பதுமாக அல்லாடினார். கடைசியில் வெட்கத்தை விட்டு மைத்துனனுக்கே போன் போட்டார்.

“டிஃப்ராக் போட்டீங்களா! எத்தினி வாட்டி மாமா?”

“என்னா… தினம் ரெண்டு, மூணு…”

“அய்யோ! அதுல சிக்கும் இல்ல, சிடுக்கும் இல்ல. நிரம்ப நிரம்ப கொஞ்சம் மெதுவாகும், அவ்ளோதான். சும்மா அழிச்சு அழிச்சு எழுத வச்சு அதைச் சாவடிச்சிருக்கீங்க. எதையும் தொடாதீங்க. நானே வரேன்.”

சனிக்கிழமை பஸ் பிடித்து வந்த முத்துக்குமார் இரண்டு ஆன்டிவைரஸையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளினான். டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டு, முன்னதாகப் பென் டிரைவில் எடுத்துவைத்த டிசைன்களைத் திரும்ப ஏற்றினான். அழிந்த வீடியோவின் பிரதியையும் கொண்டுவந்திருந்ததால் அக்காவிடம் அவனுக்கு மட்டும் வடை கிடைத்தது.

“இப்ப தட்டுங்க மாமா.”

வேணுகோபால் பயந்துகொண்டே ஒரு விரலால் தட்டினார். மயில் முழுசாக வந்து நின்றது. அடுத்த தட்டில் அன்னம், அதற்கடுத்து யாளி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “குப்புசாமி தொலைஞ்சான்டா முத்து!”

ஞாயிற்றுக்கிழமை தேவகியும் கீர்த்தியும் வந்தார்கள். சொல்லப்போனால் ஆவலோடுதான் வந்தார்கள். போன வாரத்தைவிட லேப்டாப்புக்கு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

வேணுகோபால் ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையின் ஒற்றை விரலால் ராஜா மாதிரி தட்டினார். டிசைன்கள் பறந்தன. காபி ஆறுவதற்குள் அத்தனையும் முடிந்துவிட்டன.

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் முகமும் தொங்கிப்போயிருந்தது.

“அவ்ளோதானா சார்?” என்று தேவகி கைப்பையை எடுத்தாள்.

வேணுகோபால் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். “ஏம்மா, ஒண்ணுமே புடிக்கலியா? எவ்ளோ வேகமா வருது பாருங்க!”

கீர்த்தி சங்கடத்தோடு சொன்னாள்: “எதிர்வீட்லயும் இப்படி ரெடியா வச்சிருந்ததைத்தான் காட்டினாங்க அங்கிள். நீங்க ஒருத்தர்தான் போன வாரம் எங்க கண்ணு முன்னாடியே, தட்டித் தட்டி, எனக்குன்னே அந்த மயிலை வரைஞ்சீங்க!”