செக் மணியும் செலீனின் முன்பல்லும்

உலகத்துச் சாமான் எதைக் கண்டாலும் அசலா போலியா என்று தரம் பிரிப்பதற்கென்றே பிறப்பெடுத்த ஓர் இனம் உண்டு. இவர்களை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே சொல்வார்கள். ஒருவர் பட்டென்றால் நூலை உருவிக் கொளுத்துவார், இன்னொருவர் தேனென்றால் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். கனடாவின் மொன்றியல் நகரில் லாசால் பக்கம் குடியிருக்கும் செலீனுக்கோ கண்ணாடி மணி.

அதுவும் எந்தக் கண்ணாடி? செக் நாட்டுக் கண்ணாடி. ஞாயிறு பூசை முடிந்து கோயிலின் கீழ் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் செபமாலையைக் கேட்டு வாங்கி, மணியில் அச்சின் வரம்பு தட்டுப்படுகிறதா என்று நகத்தால் சுரண்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடைசியில், மாதாவே, முன்பல்லில் தட்டிப் பார்ப்பார். 'டிக்' என்றால் கண்ணாடி. 'தொக்' என்றால் பிளாஸ்ரிக்.

"அங்க கண்ணாடிக் கம்பியை உருக்கி அச்சில அமத்துவினம். பேந்து திரும்பவும் நெருப்பில காட்டி மினுக்குவினம். பரம்பரைத் தொழில், கண்டியளோ?"

செக் நாட்டை அவர் கண்டதேயில்லை. ஒரு நகைப்பெட்டிக்குள் கிடந்த துண்டுப் பிரசுரம்தான் அவருடைய பல்கலைக்கழகம்.

இத்தனை ஞானம் இருந்தும் அவரிடம் ஓர் அசல் செக் செபமாலை இல்லை. ஊரார் மாலைகளைத் தட்டித் தட்டிப் பெருமூச்சோடு திருப்பிக் கொடுத்தவர். பாவம், அந்த ஆசை உண்மையானது.

2006இல் மகன் றூபனுக்குச் சர்மிளாவைப் பேசினார்கள். பேசி முடிக்க வந்த பெண்ணின் தாய் பிலோமினம்மா, சம்பந்திக்கு ஒரு பெட்டியை நீட்டினார். உள்ளே கருஞ்சிவப்பு மணிகளில் ஒரு செபமாலை.

"ஜேர்மனியில இருக்கிற தம்பி செக்குக்குப் போய்ப் பட்டறையிலயே வாங்கினவன். உங்களுக்கெண்டுதான் எடுப்பிச்சனான்."

வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லியிருப்பார்கள். செலீன் பல்லில் தட்டினார்.

தொக்.

"பிளாஸ்ரிக்," என்றார். அடுத்த மணி. தொக். "தம்பியை ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டாங்கள்."

பிலோமினம்மா மாலையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியைக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு மேலங்கியைத் தேடினார்.

"சர்மிளா, எழும்பு. போவம்."

கலியாணம் கண்முன்னே சப்பாத்துப் போட்டுக் கிளம்புவதைக் கண்டு றூபன் பதறிவிட்டான்.

"அம்மா! போன மாசம்தானே பல்லைக் கழட்டிப் புதுசு கட்டினனீங்கள்? பிளாஸ்ரிக் உங்கட வாயிலதான் இருக்கு!"

முதலில் சிரித்தவள் சர்மிளா. பிலோமினம்மா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேலங்கியோடு அப்படியே கதிரையில் விழுந்து சிரித்தார். செலீன் மட்டும் மெல்லக் கையை நீட்டினார்.

"ஒருக்காத் தாங்கோ, கன்னத்தில வைச்சுப் பாப்பம். கண்ணாடியெண்டால் குளிரும்."

"ஐயோ, வேண்டாம் சம்பந்தி. உங்களுக்குப் போய்ப் பிளாஸ்ரிக்கைத் தாறதோ? அது என்னட்டையே கிடக்கட்டும்."

கலியாணம் நடந்தது. மாலை கிடைக்கவில்லை. வாழ்நாளில் ஒரேயொரு முறை கைக்கு வந்த அசலைப் போலியென்று திருப்பிக் கொடுத்த துக்கம் செலீனுக்கு இன்னும் ஆறவில்லை.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? போன பிறந்தநாளுக்கு வந்த சேலையை, கொடுத்தவர் படியிறங்கும் முன்பே திருப்பி, விலைச்சீட்டுக் கிழித்த இடத்தைத் தடவிப் பார்த்தது யார்?