குழந்தைசாமியின் கொல்லையடுப்புப் போர்

வாழ்க குழந்தைசாமி! அரிமளத்துக்கு மேற்கே, செம்மண் பொட்டலின் நடுவே சிறுத்துக் கிடக்கும் ஊரில், ஒரு துண்டுப் புஞ்சைக்கும் ஒரு சோடி மாட்டுக்கும் ஏகசக்கராதிபதியாய், விடியலில் விழித்தால் அது தன் வீரமென்றும் வெயிலேறி விழித்தால் அது மனைவி எழுப்பாத குற்றமென்றும் நிலைநாட்டவல்ல நாவலனாய், பிறர் ஆக்கிய சோற்றில் குறைகாணும் பெருங்கலையில் தொண்டைமான் சீமை முழுதும் தேடினும் இணை கிடையாத குழந்தைசாமி வாழ்க, வாழ்க! அடுப்புப் பக்கம் அவன் அதுவரை போனதில்லை என்பது வேறு விஷயம்.

கீழ்த்திசையில் பர்மாப் பக்கம் பெரும்போர் மூண்டு, இங்கே மண்ணெண்ணெய்க்கும் பங்கீடு வந்துவிட்ட காலம். அந்தப் போரைப் பாடப் புலவர் ஆயிரம் பேர் வருவார்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், தன் வீட்டுக் கொல்லையில், மூன்று கற்களோடு இம்மாவீரன் பொருத போரைப் பாடத்தான் நாதியில்லை. போகட்டும், நான் பாடித் தொலைக்கிறேன்.

அப்போருக்கு வித்து உப்பு. முந்தின நாள் பொன்னமராவதியிலிருந்து அவன் மனைவி சொர்ணவல்லியின் தம்பி ரெங்கராஜ், கொழுத்த சேவலொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விருந்துக்கு வந்திருந்தான். வந்தவன் இலையில் உட்கார்ந்து கத்திரிக்காய்க் குழம்பைப் பிசைந்து இரண்டு வாய் உண்ணுவதற்குள், நம் நாயகன் நாவைச் சப்புக்கொட்டி, முகத்தைச் சுளித்து, உப்புமில்லை உறைப்புமில்லை, உங்கள் வீட்டில் இதைத்தான் கற்றுக்கொடுத்தார்களா என்று திருவாய் மலர்ந்தருளினான். பிறந்த வீட்டு மனிதன் முன்னால் ஒரு பெண்ணைச் சொல்லத்தகாத சொல் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். சொர்ணவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நாளைக்கு இந்தச் சேவல நீங்களே ஆக்குங்க. நல்லா ஆக்கிப்புட்டா, காலம்பூரா நீங்க என்ன நொட்டை சொன்னாலும் கேட்டுக்கிறேன். ஆக்க முடியலைன்னா, இனிமே இந்த வீட்டுச் சோத்துல உப்பில்ல ஒறப்பில்லன்னு வாயத் தொறக்கப்படாது."

"ஆக்குறேன்!" என்று கர்ச்சித்தான் குழந்தைசாமி. "ஆனா ஒண்ணு. நான் எலையில போடுற வரைக்கும் நீ ஒரு வார்த்தை பேசப்படாது. பேசினா நீ தோத்த. மாப்ள, நீதான் மத்தியஸ்தம்."

மத்தியஸ்தன் ரெங்கராஜ் ஒப்புக்கொண்டான். அவன் கண் சேவல் மேல் இருந்தது.

அந்த வீட்டு அடுப்படியில் குலதெய்வத்தின் விளக்கு எரிவதால் கறி உள்ளே போகாது. கொல்லையில் மூன்று கல் கூட்டித்தான் ஆக்குவது வழக்கம். பழைய கற்கள் உடைந்து போயிருந்தன. புதுக்கல் வைத்தால் மஞ்சள் தண்ணீர் தெளித்து, பொட்டிட்டு, பிறகே நெருப்பு வைக்கவேண்டும். இரண்டு சொட்டுத் தெளித்தால் சாமிக்குப் போதும். ஆனால் குழந்தைசாமிக்குப் போதுமா? போன ஆடியில் பக்கத்துக் கொல்லைப் பிச்சைமுத்துவின் வைக்கோல் படப்பு ஒரு பொறி பறந்து எரிந்து சாம்பலான நாள்முதல், நெருப்பென்றால் அவன் பத்தடி தள்ளியே நிற்பான். ஆகவே அம்மதியூகி சிந்தித்தான்: நனைந்த வைக்கோல் எரியாது, நனைந்த விறகு எரியாது, எனவே நனைந்த கல்லடுப்பிலிருந்து தீயும் பரவாது. சாமிக்கும் ஆயிற்று, பாதுகாப்புக்கும் ஆயிற்று. மூன்று செம்புறாங்கற்களைத் தேடி எடுத்துவந்து, மாடு தண்ணீர் குடிக்கும் தொட்டியில் மஞ்சளைக் கரைத்து, பொழுது சாய்ந்தது முதல் மறுநாள் வெயிலேறும்வரை முழுக ஊறப்போட்டான். உடம்பெல்லாம் ஓட்டையான அந்தக் கற்கள், தலைதீபாவளிக்கு வந்த மருமகனைப் போல, வேண்டாமென்று சொல்லாமல் குடித்தன.

காலையில் சொர்ணவல்லி தொட்டியைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பந்தயம் நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டு முருங்கைக்கீரை ஆயப் போனாள்.

அதன்பின் அவன் அணிவகுத்த சீரைச் சொல்லி முடியுமா! சருகையெல்லாம் கூட்டித் தள்ளி, கைப்பிடி மண்ணைத் தூவிக் காற்றின் போக்கறிந்து, தன் வைக்கோல் படப்புக்கு எதிர்க்கோடியில் இடம் வகுத்து, வலப்புறம் குடத்துநீர், இடப்புறம் மணற்குவியல், பின்புறம் நனைத்த சாக்கு எனக் காவற்படை நிறுத்தி, கன்றுக்குட்டியை அவிழ்த்து அப்பால் கட்டி, வேட்டியை வரிந்து, துண்டைத் தலைப்பாகையாக்கி நின்ற கோலம் கண்டு காக்கைகளும் கரையாமல் ஒதுங்கின. நியாயத்தைச் சொன்னால், இதில் ஒன்றும் தப்பில்லை.

முதற்கண் புகையென்னும் அரக்கன் எதிர்த்தான். ஊதினான் குழந்தைசாமி, இருமினான், கண்ணீர் பெருக்கினான், மறுபடி ஊதினான். கடைசியில் கருவேல விறகு மனமிரங்கிப் பற்றியது. மண்சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்தது, சின்ன வெங்காயம் சிவந்தது, அரைத்த மசாலை கலந்தது, சேவல் கொதித்தது. அடடா, என்ன மணம்! மத்தியஸ்தன் எழுந்து வந்து தானே இலையை விரித்துக்கொண்டான். நாயகன் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தான். உப்பு சரியாக இருந்தது. காலம்பூராவும் நொட்டை சொல்லும் உரிமை, இதோ, இன்னும் இரண்டு கொதியில் அவன் கைக்கு வரப்போகிறது!

அப்போதுதான் கற்கள் உஸ்ஸென்று சீறின. தன்னைப் புகழ்கின்றன என்று எண்ணினானோ என்னவோ, முகத்தைத் தாழ்த்தி அருகே குனிந்தான்.

சொர்ணவல்லிக்குக் கையிலிருந்த கீரை நழுவியது. பேசினால் அவள் தோற்றாள். வாழ்நாளெல்லாம் வேளைக்கு வேளை இவன் சொல்லும் நொட்டையை வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பேசாவிட்டால்? அவள் யோசிக்கவே இல்லை.

"ஏங்க! தள்ளுங்க, கல்லு வெடிக்கப்போவுது!" என்று கூவிக்கொண்டே ஓடிவந்து, இடுப்பு வேட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

டமார்! ஊறின கல், உள்ளிருந்த நீர் ஆவியாகிப் பிளந்து, ஒரு சில்லு அவன் முகம் இருந்த இடத்தைக் கடந்து தொழுவத்து மண்சுவரில் போய்ச் செருகிக்கொண்டது. சட்டி நொறுங்கிக் குழம்பு பெருகி நெருப்பின் மேல் பாய, தீ அவிந்தது. படப்புக்கு ஒரு பொறியும் போகவில்லை. கொல்லையில் அவ்வளவு பத்திரமாக அணைந்த நெருப்பு அந்த ஊரில் அதற்கு முன் இல்லை.

மல்லாந்து கிடந்த மாவீரன், மீசையில் மசாலை சொட்ட, விரலை நீட்டி முழங்கினான்: "நீ பேசிட்ட! தோத்துட்ட!"

சாம்பலில் கிடந்த தொடைக்கறியைப் பார்த்தபடி மத்தியஸ்தன் தழுதழுத்தான். "ஆமா மச்சான். அக்கா பேசிருச்சு. நீங்கதான் செயிச்சீங்க."

"செயிச்சுக்கங்க, நல்லாச் செயிச்சுக்கங்க," என்றாள் சொர்ணவல்லி. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்து, இமையை விலக்கி ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தாள். "பாவி மனுசா, கண்ணு போயிருந்தா என்ன செய்வேன்?" பார்த்த கண்ணையே மறுபடியும் விலக்கிப் பார்த்தாள். அதை அவனும் பார்த்தான்.

இவ்வாறாக, கல்லோடு பொருது, புகையோடு பொருது, சேவலைச் சாம்பலுக்குப் பலியிட்டு, பேசாநோன்பு பூண்ட பெண்ணைப் பேசவைத்து வாகை சூடி, ஆயுட்காலம் முழுதும் எந்தச் சோற்றையும் எந்தக் குழம்பையும் எவர் முன்னிலையிலும் இகழும் தடையற்ற உரிமையை மத்தியஸ்தன் வாக்கால் ஈட்டிய அவ்வெற்றித்திருமகன், மத்தியான வேளையில் கால்கழுவி வந்து அமர, சொர்ணவல்லி அவசரத்தில் கரைத்த கேப்பைக்கூழை முன்னே வைத்தாள். அதில் ஒரு கல் உப்புகூட விழவில்லை.

குழந்தைசாமி ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றான்.