ஐந்து மேசைகளும் தங்கப்பொண்ணு அம்மாளும்

தல்லாகுளம், மதுரை
14.9.1982

அன்பு மாப்பிள்ளை காசிமாயனுக்கு, உன் அக்காள் புருஷன் உக்கிரபாண்டி எழுதுவது. இங்கு நான், உன் அக்கா சோலையம்மாள், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். என் உத்தியோகம் ஒன்றுதான் சௌக்கியமாக இல்லை.

நான் கண்காணிப்பாளராக இருக்கும் கலைஞர் நல உதவிக் குழுவைச் சீரமைத்து, உதவி சீக்கிரம் கிடைக்கும்படி செய்யச் சொல்லி சென்னையிலிருந்து உத்தரவு வந்தது. எனக்குக் கலையில் ஈடுபாடு உண்டென்று பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஆபீஸ் ஆண்டு விழாவில் ஒருமுறை திரை இழுத்திருக்கிறேன்; அதுவும் பாதியில் சிக்கிக்கொண்டது. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, பதினொரு பக்க விண்ணப்பத்தை ஒரே பக்கமாக்கினேன். அந்த ஒரு பக்கத்தை நிரப்புவது எப்படி என்று பதினாலு பக்கம் விளக்கமும் எழுதினேன்.

அப்போதுதான் ஒத்தக்கடையிலிருந்து தங்கப்பொண்ணு அம்மாள் வந்தார். நாற்பது வருஷம் மேடை நாடகங்களில் ராணி வேஷம் கட்டியவர். தொண்டையில் கட்டி, ஆபரேஷனுக்கு உதவி கேட்டு மூன்று வருஷமாக நடக்கிறார். புது விண்ணப்பத்தைப் பெருமையாக நீட்டி, "நடிகைதான்னு ஒரு அத்தாட்சி மட்டும் வேணும்மா" என்றேன். "ஐயா, காலைல எம் மகள லாரிக்காரன்..." என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். டைப்பிஸ்ட் மலையம்மாள் ஓவென்று அழுதாள், பியூன் பேச்சிமுத்து தண்ணீருக்கு ஓடினான், நான் கண்ணைத் துடைப்பதாக நினைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "வண்டி பிடிங்கப்பா, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்" என்று கத்தினேன். அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு மகளே கெடையாதுங்கய்யா. அத்தாட்சி போதுமா, இன்னும் கொஞ்சம் அழுகவா? தொண்டை இருக்கையிலயே கையெழுத்தப் போட்டுருங்க."

வெட்கத்தில் பதினாலு பக்கத்தையும் கிழித்தேன். நானே கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக நின்றேன். நாலே நாளில் உதவி கிடைத்தது. ஆபரேஷனும் நல்லபடி முடிந்தது. அதே வேகத்தில் அவரையும், பரவை தவில்காரர் கண்ணுச்சாமியையும் குழுவில் உறுப்பினராக்கினேன். அங்கேதான் வினை. முதல் கூட்டத்திலேயே கண்ணுச்சாமி கேட்டார்:

"ஒரு மனு எத்தனை மேசை தாண்டணும் சார்?"

"அஞ்சு."

"ஒவ்வொரு மேசையிலயும் என்ன பாப்பீக?"

"முந்தின மேசையில சரியாப் பாத்தாகளான்னு பாப்போம்."

பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தங்கப்பொண்ணு அம்மாள் இரண்டு விரலை மட்டும் காட்டினார். இரண்டு மேசை போதும், மிச்சம் மூன்றும் வேண்டாம் என்று அர்த்தம். அதில் ஒன்று என்னுடையது. இதை நல்ல இங்கிலீஷில் சென்னைக்கு எழுத ஆள் வேண்டுமே! நானேதான் எழுதினேன். "கண்காணிப்பாளர் கண்காணிக்க இங்கு எதுவுமில்லை" என்று எழுதியபோது, இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் எழுதிய முதல் உண்மை இதுதான் என்று கர்வமாகக்கூட இருந்தது. உன் அக்காவிடம் சொன்னேன். "தன் கழுத்துக்குத் தானே கயிறு அளந்த ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள். பரவாயில்லை. மனசு லேசாக இருக்கிறது. உன் ஜவுளிக்கடையில் துணி மடிக்க ஆள் வேண்டுமானால் எழுது.

தங்கச்சி ரெங்கம்மாளும் குழந்தைகளும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க என் ஆசிகள். இந்தக் கடிதம் வந்து சேரும்போது நான் யாராக இருப்பேன் என்று தெரியாததால், பதவியைப் போடாமல் வெறும் கையெழுத்து,

உக்கிரபாண்டி

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். உத்தரவு இப்போதுதான் வந்தது. என் சிபாரிசை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். மேசைகளை அகற்றும் பணியை மேற்பார்வையிட சென்னையில் புதிதாக ஒரு பிரிவு. அதற்குத் தலைமை நான். எனக்குக் கீழே எட்டு மேசை. மறுத்து எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மாப்பிள்ளை. "மிக்க மகிழ்ச்சியுடன்" என்று கை தானாக ஆரம்பித்துவிட்டது.