முறை போட்டு வரும் புகை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். யாவரும் என்றால் நான் ஒருவன்தான், உங்கள் தங்கை அங்கே அல்லவா இருக்கிறாள். அங்குள்ள அனைவரின் நலத்தையும், முக்கியமாக அவளுடைய மூச்சின் நலத்தையும் அறிய ஆவல்.

"சமையலறை ஜன்னலைத் திறந்து வச்சு சமைக்கலாம்னு சொல்லுங்க, மறுநாளே வந்து நிக்கிறேன்" என்று அவள் கிளம்பும்போது சொன்னது உங்களுக்கும் தெரியும். டாக்டரும் அதையேதான் சொன்னார், என்ன, அவர் அதற்குப் பீஸ் வாங்கினார். மூன்று மாதமாக அந்த ஒரு ஜன்னலுக்காக நான் பட்ட பாட்டை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கும் இருமல் வந்துவிடும். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் தரைத்தள வீட்டு ஜன்னலை ஒட்டித்தான் அடுக்குமாடிக்காரர்கள் கார் நிறுத்தும் இடம். எட்டுக் கார்களும் ரிவர்ஸில் வந்து எங்கள் சுவருக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். காலையில் ஒவ்வொரு துரையாக இறங்கி வந்து, இன்ஜினைக் கிளப்பி, ஏசியைப் போட்டு, வண்டி குளிரட்டும் என்று விட்டுவிட்டு, மறந்துபோன மூக்குக் கண்ணாடியை எடுக்க மேலே போவார், போனவர் காபியும் குடித்து, பெண்டாட்டியோடு ஒரு சண்டையும் போட்டு முடித்துவிட்டுத்தான் வருவார், அதுவரை அந்தப் புகை முழுக்க எங்கள் அடுப்பு மேடைக்குத்தான். கழுவிக் கவிழ்த்த தட்டில் விரலால் கையெழுத்துப் போடலாம். பஸ் டிப்போவில் காலம் தள்ளியவன் நான், புகை எனக்கு அந்நியம் இல்லை. ஆனால் அந்தப் புகைக்கு ஐம்பது பேராவது ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இங்கே தெருமுனையில் ரொட்டி வாங்கக் காரில் போகிறார் ஒருவர், திரும்பி வந்து, உடம்புக்கு நல்லது என்று மொட்டை மாடியில் நடக்கிறார்!

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நான் கேட்டது இரண்டே இரண்டு. நிற்கிற வண்டியை அணைத்து வையுங்கள். ஒரே சாலையில் இருக்கும் ஆபீசுகளுக்குப் போகும் நாலு பேர் நாலு காரில் போகாமல் ஒரே காரில் போங்கள். சொத்தையே எழுதித் தரச் சொன்னதுபோல் முழித்தார்கள். "பேங்க்காரர்கூட எப்படி சார் போறது? வழி பூரா பாட்டு போடுவாரு" என்றார் பல் டாக்டர். "இவரு மட்டும் என்னவாம்? நான் வாயைத் திறந்தா பல்லையே பாக்குறாரு" என்றார் வங்கிக்காரர். உடனே மூன்றாம் மாடிக்காரர் எழுந்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'மரம் நடுவோம்'. லிப்ட் பழுதானாலும் தண்ணீர் வராவிட்டாலும் அவர் சொல்லும் தீர்வு அது ஒன்றுதான். அன்றும் அதையே முழங்கினார், கைதட்டினார்கள். பேசிப் பேசிக் களைத்தவர் கீழே வந்து, போனுக்கு சார்ஜ் ஏற்றுவதற்காகக் காரைக் கிளப்பி உள்ளே உட்கார்ந்துகொண்டார். எந்த ஜன்னலோரம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் செயலாளர் பெரிய மனது பண்ணினார். "சரி சார், உங்களுக்காக எல்லா வண்டியையும் திருப்பி நிறுத்தச் சொல்றேன். மூஞ்சி உங்க பக்கம், வால் எதிர்ப்பக்கம்." மறுநாள் ஜன்னலைத் திறந்தேன், மச்சான். வெறும் காற்று வந்தது. அடுப்பைப் பற்றவைக்கக்கூட மறந்து நின்றேன். உங்கள் தங்கையின் புடவைகளை உதறி வெயிலில் போட்டு எடுத்து மடித்தும் வைத்தேன்.

எதிர்ப்பக்கம் யார் வீடு? செயலாளர் வீடு. இரண்டு நாள்கூட ஆகவில்லை, அவருடைய மாமியார் இருமிவிட்டார். அவசரக் கூட்டம்! என் மனைவி இருமியபோது "வயசாகுது இல்லையா சார்" என்று ஆறுதல் சொன்ன அதே ஆட்கள், மாமியார் இருமியதும் பூமி சூடாவதைப் பற்றிப் பேசினார்கள். சரி, இப்போதாவது இன்ஜினை அணைப்பார்கள் என்று நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் இதுதான்: ஒற்றைப்படைத் தேதியில் கார்களின் வால் எங்கள் பக்கம், இரட்டைப்படைத் தேதியில் செயலாளர் பக்கம். புகையைக் குறைக்கச் சொன்னால் பாகம் பிரித்துக் கொடுக்கிறான்கள்! முப்பத்தொன்றாம் தேதிக்கு மறுநாள் ஒன்றாம் தேதி ஆயிற்றே, இரண்டு நாளும் எங்கள் தலையில்தானா என்று கேட்டேன். "அதுக்குத்தான் பிப்ரவரி இருக்கே சார்" என்றார் பல் டாக்டர். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, நாள் விட்டு நாள் மூச்சு விடலாம் என்று உங்கள் தங்கைக்கு எழுத எனக்குக் கை வரவில்லை, நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். ஜன்னலை ஜெயிக்காமல் அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று நானும் வீம்பாக இருந்து பார்த்துவிட்டேன். ஒற்றை ஆளுக்குச் சமைத்துச் சாப்பிடுவது தண்டனை. ஒன்று மட்டும் உறுதி, அங்கே வருவதானால் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வருவேனே தவிர, இந்தக் கும்பலில் ஒருவன் காரிலும் கால் வைக்க மாட்டேன்.

உங்கள் இல்லத்தரசிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நுரையீரல் நிறையக் காற்று வாங்கி நூறாண்டு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் செயலாளர் கதவைத் தட்டினார். உங்கள் ஊர்ப்பக்கம் ஏதோ வேலையாகப் போகிறாராம். "தனியா போக போரடிக்குது, வாங்க சார், மேடத்தைப் பாத்துட்டு வந்துடலாம்" என்கிறார். சட்டை மாற்றிக்கொண்டேன். இன்றைக்கு ஒற்றைப்படைத் தேதி. வண்டி ஜன்னலோரம்தான் நிற்கிறது, எனக்காக ஏசி போட்டு வைத்திருக்கிறார், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அணைக்கச் சொல்லலாம். சொன்னால் கோபித்துக்கொண்டு என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அவளைப் பார்த்து மூன்று மாதமாகிறது, மச்சான். ஜன்னலைச் சாத்திவிட்டேன். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் உங்கள் வீட்டு வாசலிலேயே உங்கள் கையில் திணிப்பேன், படித்ததும் கிழித்துவிடுங்கள். நான் பஸ்ஸில் வந்தேன். அவள் கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.