வெனிலா வாசனை மக்ரோனி

சமையல் தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஒருநாள் சமைத்தேனே, அதற்குத்தான் இன்றைக்கும் வெட்கம்.

எண்பதுகளின் நடுவில், பம்பாய்ச் செம்பூரில், அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. திருநெல்வேலிச் சைவக் குடும்பம் எங்களுடையது. அக்கா வசந்தா மூன்று வருடத்துக்கு முன்பே, ஆபீஸில் உடன் வேலைபார்த்த சுஹாஸ் என்ற மராத்திக்காரரைக் கட்டிக்கொண்டு போயிருந்தாள். அப்பா இருவரையும் வாசல்படி ஏற விடவில்லை. அம்மாவின் காரியத்துக்கு அக்கா மட்டும் வந்து, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். அந்த அப்பா திடீரென்று ஒருநாள், "ஞாயித்துக்கெழம ராத்திரி சாப்பாட்டுக்கு ரெண்டு பேரையும் வரச்சொல்லுட்டி" என்றார்.

முதன்முதலாக வரும் மாப்பிள்ளைக்குச் சோறும் குழம்புமா வைப்பது? (எனக்கு அதுவும் ஒழுங்காக வராது என்பது வேறு விஷயம்.) ஆபீஸ் சிநேகிதி சொல்லித்தந்த பேக்ட் மக்ரோனியைச் செய்யத் துணிந்தேன். மாடிவீட்டு சிந்தி ஆன்ட்டியிடம் வட்ட அலுமினிய ஓவனை இரவல் வாங்கினேன். மக்ரோனி வெந்து, குழைந்து, கரண்டியை நட்டால் நிற்கும் பதத்துக்கு வந்தது. அடுத்து, சாஸுக்குச் சோளமாவு. அம்மாவின் டப்பாக்களில் எதில் எது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். மேல்தட்டுப் பாட்டிலில் சோளமாவு மாதிரியே ஒன்று இருந்தது. பாலில் கரைத்துக் காய்ச்சியதும் மஞ்சளாயிற்று. சீஸ் போடும் முன்பே சீஸ் நிறம் வந்துவிட்டதே என்று பூரித்தேன். (தடுமம் பிடித்து மூக்கு அடைத்திருந்தது. மூளையுமா என்று கேட்காதீர்கள்.) குடைமிளகாய், பச்சைமிளகாய், உப்பு, சீஸ் எல்லாம் கலந்து ஓவனுக்குள் தள்ளினேன்.

சுஹாஸ் அத்தான் முதல் வாயை மென்றார், நிறுத்தினார், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். "பகுத் அச்சா" என்றார். அக்கா ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை மோந்து பார்த்தாள்.

"ஏட்டி, இதுல என்ன மாவு போட்ட?"

"சோளமாவு. மேல்தட்டுல இருந்துச்சே."

"வெனிலா வாசம்லா அடிக்கு! இது கஸ்டர்டு பவுடர்ட்டி."

எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

"நம்ம வீட்ல கஸ்டர்டு நான் மட்டுந்தான சாப்பிடுவேன்? நான் போயி மூணு வருசமாச்சு. இத யாரு வாங்குனா?"

அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "உங்கம்மதான். பழசாயிட்டுன்னா கொட்டிட்டு வேற வாங்கி வைப்பா. 'என்னைக்காவது வருவா, வந்தா கேப்பா'ம்பா. நாந்தான் வர விடல."

அக்கா எச்சில் கையோடு அழுதாள். தமிழ் தெரியாத அத்தான், என் சமையலைத் தாங்கமாட்டாமல்தான் அவள் அழுகிறாள் என்று நினைத்து, என்னைச் சமாதானப்படுத்த இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். அப்பா தன் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, "இன்னும் இருக்காட்டி?" என்றார்.

இப்போதும் எந்த ஓட்டலில் பாஸ்தா வந்தாலும் அத்தான் குனிந்து மோந்து பார்த்து, "வெனிலா நஹீ ஹை, காவோ" - வெனிலா இல்லை, சாப்பிடுங்கள் - என்று உத்தரவு கொடுப்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்காவும் நானும்கூடச் சிரிப்போம். அப்பா இருந்தவரை, அவர் மட்டும் சிரித்ததில்லை.