மால்டாவில் கிழக்காலை பொங்கிய பானை

என் வாழ்க்கையில் நான் விட்ட பிழை ஒன்றே ஒன்றுதான். (மனைவி இதை வாசித்தால் மிச்சத்தையும் எழுதச் சொல்லுவாள். இடம் காணாது.) அந்த ஒன்றையும் நான் சின்னதாக விடவில்லை. இரண்டு குடும்பங்களையும் ஒரு பித்தளைப் பானையையும் மத்தியதரைக் கடலுக்கு நடுவில் கொண்டுபோய் வைத்து விட்டேன்.

எனக்குப் படிப்பு ஆறாம் வகுப்பு. ஊர் புங்குடுதீவு. ஆக்லாந்துக்கு வந்து, மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு தொழிற்சாலையில் நிலம் கழுவத் தொடங்கி, ஐந்தாம் வருடம் த்ரீ கிங்ஸில் சொந்தமாக டெய்ரி திறந்தவன். (டெய்ரி என்றால் இங்கே மூலைக்கடை. பால், பேப்பர், பாண், பக்கத்து வீட்டுப் புதினம் எல்லாம் கிடைக்கும்.) கடை திறந்த நாளிலிருந்து நான் யாரிடமும் யோசனை கேட்பதில்லை.

என் மனைவியின் அண்ணர் லண்டனில் கணக்காளர். எங்கள் கலியாணம் பேசியபோது, "ஆறாம் வகுப்புப் படிச்ச தீவானுக்கு என்ரை தங்கச்சியைக் குடுக்க ஏலாது" என்று கடிதம் போட்டவர். தங்கச்சி என்னைத்தான் கட்டினாள். அதன் பிறகு பதின்மூன்று வருடம் அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. வருடப் பிறப்புக்கு டெலிபோனில் இரண்டு நிமிடம் கதைப்பார்கள். மூன்றாம் நிமிடம் இவள் அழுவாள். அவர் வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன், என் வீட்டுப் படியை அவர் மிதிக்க மாட்டார். அப்படிப் போய்க்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் இவள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, ஒரு தைப்பொங்கலாவது அண்ணையோடை ஒண்டாப் பொங்கவேணும். பானை கிழக்காலை, சூரியன் பக்கமாப் பொங்கிச்சுதெண்டால் எல்லாம் சரிவரும். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

அன்றைக்குத்தான் என் மூளை வேலை செய்தது. என் வீடும் வேண்டாம், அவர் வீடும் வேண்டாம். மூன்றாவதாக ஓர் இடம். பயண முகவரின் கடையில் ஒரு படப் புத்தகம் எடுத்தேன். மால்டா. நீலக் கடல், மஞ்சள் கல்லுக் கட்டடங்கள், கண் வரைந்த வள்ளங்கள், ஹோட்டல் முற்றத்தில் பெரிய நீச்சல் தொட்டி. முகவர் பிள்ளை, "ஜனவரியில் அங்கே ஆட்கள் வரமாட்டார்கள்" என்று தொடங்கினாள். "நல்லது, சனம் இல்லாமல் இருக்கட்டும்" என்று முடித்து வைத்தேன்.

பதினொரு வயது மகள் இங்கிலீஷில் சொன்னாள்: "அப்பா, இட்ஸ் வின்டர் தேர்."

"வின்டர் லண்டனுக்கு. இது தீவு, பிள்ளை. தீவைப் பற்றி எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. தை எண்டால் வெயில்."

புங்குடுதீவிலும் தையில் வெயில். ஆக்லாந்திலும் தையில் வெயில். நான் இருந்த இரண்டு தீவிலும் அப்படி என்றால் மூன்றாவது தீவில் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஆறாம் வகுப்புக்கு அந்தக் கணக்குச் சரிதான்.

லண்டனுக்கு நானே டெலிபோன் எடுத்தேன். "கோட்டு ஒண்டும் தூக்க வேண்டாம். நீந்துறதுக்கு உடுப்புக் கொண்டு வாங்கோ."

"ஜனவரியிலையோ?" என்றார் அவர்.

"தீவிலை பிறந்தது நானோ நீங்களோ?"

அவர் விமான நேரத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார். கணக்காளர்கள் அப்படித்தான், எழுத்தில் இல்லாததற்குப் பதில் சொல்ல மாட்டார்கள்.

மால்டாவில் விமானம் இறங்கிக் கதவு திறந்தது. அந்தக் காற்று என் அரைக்கைச் சட்டைக்குள் முன்னால் புகுந்து பின்னால் போனது. நான் செருப்புப் போட்டிருந்தேன். கையில் பித்தளைப் பானை. வெளியே மச்சான் குடும்பம் நின்றது. அவருக்கு முழங்கால் வரைக்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டு, கையுறை, குடை. அண்ணனும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அது முடிந்ததும் மச்சான் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"நீர் நீந்தப் போறீரோ?"

"எனக்குக் குளிரேல்லை" என்றேன். பல் ஒன்றோடு ஒன்று அடித்ததில் அந்த வசனம் முடிய நேரமெடுத்தது.

ஊர் முழுக்கப் பூட்டு. கடற்கரைச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் கதவில் பலகை அடித்துக் கிடந்தன. ஹோட்டலில் எங்களைத் தவிர ஒரு காவல்காரக் கிழவர். நீச்சல் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூன்று நாள் மழையும் காற்றும். மூன்று நாளும் ஒரு சின்ன ஹீட்டரைச் சுற்றி இரண்டு குடும்பமும் குந்தியிருந்தோம். மச்சான் என்னோடு கதைத்தது மொத்தம் நாலு வசனம். அதில் மூன்று, "தீவிலை பிறந்தவர் என்ன சொல்லுறார்?" என்பதுதான். அவருடைய மனைவி ஒருமுறை சிரித்து விட்டார். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் அன்று காலை மழை விட்டது, காற்று விடவில்லை. முற்றத்தில் நெருப்பு மூட்டினால் தீக்குச்சி கையிலேயே அணைந்தது. மச்சான், "விடும், அறைக்குள்ளை காஸ் அடுப்பிலை வைப்பம்" என்றார். நான் விடுகிற ஆளில்லை. சுற்றிப் பார்த்தேன். அந்த இடம் முழுவதிலும் காற்றுப் படாத இடம் ஒன்றே ஒன்று. வெறும் நீச்சல் தொட்டியின் ஆழமான பக்கம்.

இதற்கு இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். ஏணியால் இறங்கி, கல் வைத்து, பழப் பெட்டிப் பலகைகளை உடைத்து அடுப்பு மூட்டினேன். கோலமும் போட்டோம். பானை கழுவத் தண்ணீர் வேண்டுமென்று தொட்டியோரம் இருந்த குழாய்ச் சக்கரத்தைத் திருகினேன். ஒன்றும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு வாளியில் தண்ணீர் கொண்டு வந்தேன். (அந்தச் சக்கரத்தைத் திருப்பிப் பூட்டாததுதான் பிழைக்குள் பிழை.)

பால் சூடேறியது. மேலே விளிம்பில் பெண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். மச்சான் கோட்டோடு இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். பால் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. என் மனைவி கைகூப்பினாள்.

அந்த நேரம் காவல்காரக் கிழவர் தொட்டிக்குள்ளிருந்து புகை வருவதைக் கண்டார். பாவம், நெருப்பென்று நினைத்து, நெருப்பணைக்கிற குழாய்க்குத் தண்ணீர் விடுவதற்காக ஓடிப்போய்ப் பின்கட்டில் பெரிய வால்வைத் திறந்தார். நான் திருகி வைத்த சக்கரம் அதற்காகவே காத்திருந்தது. தொட்டிச் சுவரில் நாலு ஓட்டையாலும் கடல் தண்ணீர் பாய்ந்து வந்தது. அந்தக் குளிருக்கு என் கால் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அடுப்பு ஒரு முறை சீறிவிட்டு அணைந்தது. பால் பொங்கவில்லை.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அசைந்தது மச்சான்தான். கோட்டைக் கழற்றினார். லண்டனில் பார்த்துப் பார்த்து வாங்கிய அந்தக் கோட்டால் கொதிக்கிற பானையைச் சுற்றினார்.

"மச்சான், மற்றப் பக்கம் பிடியும்."

பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் வாயில் அந்த மச்சான் வந்தது. முழங்கால் தண்ணீரில், இரண்டு பேரும் பானையைத் தூக்கிக்கொண்டு தொட்டியின் சரிவில் ஏறினோம். என் செருப்பு ஒன்று மிதந்து எங்களை முந்திக்கொண்டு போனது. பாதி வழியில் நான் சறுக்கினேன். பானை சரிந்து, பால் கோட்டில் வழிந்தது.

மேலே, புகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் கேட்டது. "அண்ணை, பொங்கினதோ?"

நான் மச்சானைப் பார்த்தேன். ஒரு சதம் பிசகினாலும் கையெழுத்து வைக்காத மனிதர். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கோட்டைப் பார்த்தார்.

"ஓம் தங்கச்சி, பொங்கினது. கிழக்காலை."

மூன்று நாளாகச் சூரியனையே காணவில்லை. அந்தத் தீவில் கிழக்கு எந்தப் பக்கம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

மிச்சத்தை அறைக்குள் காஸ் அடுப்பில் சமைத்தோம். காவல்காரக் கிழவர் இரண்டு கோப்பை சாப்பிட்டார். அடுத்த வருடப் பொங்கலுக்கு மச்சான் குடும்பம் த்ரீ கிங்ஸில் என் வீட்டுப் படியேறியது. முதல் கேள்வி, "தண்ணிக் குழாய் பூட்டியிருக்கோ?" பானை வடிவத்தில் கருகிய அந்தக் கோட்டையும் கொண்டு வந்திருந்தார். அது இப்போதும் எங்கள் அலுமாரியில் தொங்குகிறது.

மனைவியிடம் உண்மையைச் சொல்ல எனக்குப் பத்து வருடம் பிடித்தது. அவள் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "மேலை நிண்ட எனக்குப் பானைக்குள்ளை தெரியாதோ? அண்ணை என்ன சொல்லுறார் எண்டு பாக்கத்தான் கேட்டனான்."

இப்போது எங்கள் வீட்டில் அன்புக்காகச் சொல்கிற பொய்க்கு அந்தக் 'கிழக்காலை'தான் பெயர். போன கிழமை மகள் வீட்டுக்குப் போனோம். அவள் செய்த கேக் நடுவில் குழிந்து, கிணறு மாதிரி இருந்தது. மருமகன் தமிழ்நாட்டுப் பிள்ளை. ஒரு துண்டு வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கோ?" என்றேன்.

"ஆமா மாமா," என்றார், "கிழக்கால பொங்கிடுச்சு."